எடின்பரோவில் எங்களை நாடகம் பார்க்க வைத்தவர்களுக்கு

அன்புள்ள அக்கா, அண்ணா, தம்பி, பெயர் கேட்டுக்கொள்ளாமலே விடைபெற்றுவிட்ட மற்ற எல்லோருக்கும்,

நானும் தோழியும் நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். வாட்ஸப்பில் ஆளுக்கொரு கும்பிடு பொம்மை அனுப்பி முடித்துக்கொள்ள மனசு வரவில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் இந்த மடல். தமிழ் தெரியாதவர்களுக்கு அக்கா படித்துச் சொல்லிவிடுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஆகஸ்ட் மாதம் ஃப்ரிஞ்ச் விழா நடக்கும். போர் முடிந்து இரண்டு வருடத்தில், 1947இல், அங்கே சர்வதேசக் கலைவிழா ஒன்றைத் தொடங்கினார்கள். அழைப்பில்லாத எட்டு நாடகக் குழுக்கள் தாங்களாகவே வந்து, கிடைத்த இடத்தில் நாடகம் போட்டன. இன்று அந்த அழையா விருந்தாளிகளின் விழாவில் 3,000க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். தேர்வுக்குழு கிடையாது. இடம் பிடித்துப் பதிவு செய்தால் யாரும் மேடையேறலாம். பழைய தேவாலயம், வகுப்பறை, மதுக்கடை மாடி, பாலத்துக்கு அடியில் இருக்கும் நிலவறை, எல்லாமே அரங்குதான்.

என் தோழிக்குச் சிக்கல் அங்கேதான். கல்லூரியில் என்னோடு வீதி நாடகம் போட்டவள், ஒரு விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் போகிறாள். எடின்பரோ பழைய நகரமோ ஒரு குன்றின் முதுகில் இருக்கிறது. உச்சியில் கோட்டை, அங்கிருந்து சரிந்து இறங்கும் கல் பாவிய தெரு, இரண்டு பக்கமும் படிக்கட்டுச் சந்துகள். வரைபடத்தில் ஜார்ஜ் நான்காம் பாலமும் கவ்கேட் தெருவும் ஒன்றையொன்று வெட்டுவது போலத் தெரியும். நேரில் போய் நின்றால் ஒன்று தலைக்கு மேலே, மற்றது காலுக்குக் கீழே. ஃபோன் வரைபடம் ‘மூன்று நிமிடம்’ என்று காட்டினால், நடுவில் படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் நன்றி தம்பிக்கு. ஆராய்ச்சிப் படிப்புக்கு நடுவில், நாங்கள் வருவதற்கு முன்பே ஒவ்வோர் அரங்குக்கும் நடந்து போய்ப் பார்த்து எழுதி அனுப்பினாய். “லிஃப்ட் உண்டு, ஆனால் பின்வாசல் வழியாக.” “கல் ரோடு, முதுகு ஆடிவிடும், சுற்றிப் போங்கள்.” இரண்டு இடங்களுக்கு “வேண்டாம்” என்று மட்டும் எழுதியிருந்தாய். அந்த ‘வேண்டாம்’ எங்களுக்கு எவ்வளவு மிச்சப்படுத்தியது தெரியுமா? நீ பார்க்காத ஓர் அரங்கில் “ரெண்டே படிதான், தூக்கிவிடுகிறோம்” என்றார்கள். போனால் வளைந்து வளைந்து கீழே இறங்குகிற படிக்கட்டு. டிக்கெட் பணம் திரும்பி வந்தது, சாயங்காலம் வரவில்லை. தூக்கிவிட வந்தவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அவள் என்ன மூட்டையா? எங்களுக்கு வேண்டியிருந்தது படி எத்தனை என்கிற உண்மை.

அந்த உண்மையைத் தயங்காமல் சொன்ன இன்னொருவர், விழா அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான முன்பதிவைப் பார்க்கும் பெண்மணி. நாற்காலியின் அகலம் என்ன, அரங்க இருக்கைக்கு மாறி உட்கார முடியுமா, வாசலிலிருந்து எவ்வளவு தூரம் உருட்ட முடியும் என்று வரிசையாகக் கேட்டார். துணைக்கு வருகிற எனக்கு டிக்கெட் இலவசம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். “அன்றைக்கு நாற்காலிக்கு இடமில்லை, செவ்வாய்க்கிழமை வாருங்கள்” என்றார். செவ்வாய்க்கிழமையே போனோம்.

டிராவர்ஸ் அரங்கில் வாசல் பார்த்த இளைஞருக்கும் நன்றி. 1963இல் தொடங்கிய அரங்கு அது, புது நாடகங்களுக்குப் பேர் போனது. இப்போதைய கட்டடத்தில் மேடை தெரு மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. வரிசையில் நிற்க வைக்காமல் முன்னதாகவே லிஃப்டில் கீழே கொண்டுபோய் உட்காரவைத்தார். அன்று வசனத்தை எழுத்தில் காட்டும் காட்சி. காது கேளாதவர்களுக்கான ஏற்பாடுதான், ஆனால் கிளாஸ்கோ பக்கத்து ஆங்கிலத்தில் பாதி எனக்கும் பிடிபடாது. எழுத்து இல்லாவிட்டால் மற்றவர்கள் சிரித்த பிறகு சிரித்துக்கொண்டிருந்திருப்பேன். 2011 வரை கால்நடை மருத்துவக் கல்லூரியாக இருந்த சம்மர்ஹாலில், மழையில் நனைந்த சக்கரங்களைத் துடைக்கத் துணி கொண்டுவந்து கொடுத்தவருக்கும் நன்றி. குழந்தை வண்டியை மடக்கிப் பேருந்தில் இடம் கொடுத்த அம்மாவுக்கும்.

அப்புறம், ராயல் மைல் தெருவில் துண்டுப் பிரசுரம் கொடுத்த அந்த நடிகருக்கு. வழக்கமாக எல்லோரும் அவளைப் பற்றி என்னிடம்தான் கேட்பார்கள். “அவங்களுக்கு நாடகம் பிடிக்குமா?” என்கிற மாதிரி. நீங்கள் நேராக அவளைப் பார்த்து, உங்கள் நாடகத்தின் கதையை முழுசாகச் சொல்லி, “கட்டாயம் வாங்க” என்றீர்கள். வந்தோம். நாடகம் மகா மோசம், மன்னிக்கவும். பார்க்க வந்திருந்ததே பத்துப் பேர்தான். தோழி மட்டும் ரசித்து உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும், “நல்ல நாடகம்னா யாராவது வற்புறுத்திக் கூட்டிட்டுப் போவாங்கடி. இவ்வளவு கண்றாவியான நாடகத்துக்கு நானா தேடி வந்து எத்தனை வருஷமாச்சு!” என்றாள். அன்று இரவு முழுக்க அதை வைத்துத்தான் சண்டை. அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் வெட்டியிருந்தால் தேறியிருக்கும் என்பது அவள் கட்சி. எதை வெட்டினாலும் தேறாது என்பது என் கட்சி.

அக்கா, உங்கள் இடியப்பத்தையும் சொதியையும் பற்றி எழுதினால் மடல் நீளும். அதைவிட அண்ணா செய்ததைச் சொல்ல வேண்டும். நாற்காலி உள்ளே போகாது என்று தெரிந்ததும் யாரிடமும் கேட்காமல் குளியலறைக் கதவைக் கழற்றிவிட்டுத் திரை மாட்டினார். நாங்கள் கிளம்பும் வரை வீட்டில் எல்லோருக்கும் அந்தத் திரைதான் கதவு, உங்கள் மகளுக்கும்கூட. அவள் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை, பதினைந்து வயசுப் பெண்! அவளுக்குத் தனியாக ஒரு பரிசு வருகிறது, சொல்லிவிடாதீர்கள்.

தம்பியின் குறிப்புகளை அவன் அனுமதியோடு தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். அடுத்த ஆகஸ்டில் சக்கர நாற்காலியோடு போகிறவர்கள் கேட்டால் அனுப்புகிறேன். அரங்குகள் வருடத்துக்கு வருடம் மாறும், அதனால் டிக்கெட் எடுக்கும் முன் விழா அலுவலகத்துக்கும் ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
நாங்கள் இருவரும்