தீமிதி ராத்திரி மட்டும் வரும் நம்ம ஆட்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்கு வருடத்தில் ஒரே ஒரு ராத்திரி வந்து, தடுப்புக்கு மேல் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, இருபது வினாடிக்குக் காணொளி எடுத்துக்கொண்டு, அப்படியே சைனாடவுன் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குள் இறங்கிவிடும் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும்தான் இந்த மடல். திட்டுவதற்காக எழுதவில்லை. முப்பது வயது வரைக்கும் நானும் உங்கள் கட்சிதான்.

போன வருடம் பூக்குழிக்கு, அதாவது தீக்குழிக்கு, போகும் வரிசைக்குத் தண்ணீர் கொடுக்கும் தொண்டூழியத்தில் நின்றிருந்தேன். தூறல் போட்டு விட்டிருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு தம்பி, "அண்ணே, எப்ப ஓட ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டார். "ஆடியிலேயே ஆரம்பிச்சாச்சு தம்பி" என்றேன். நான் ஏதோ கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். என் மனசில்தான் அது முள் மாதிரி நின்றுவிட்டது.

நான் சொன்னது கிண்டல் இல்லை. ஆடி மாதம் கொடி ஏறியதுமே இந்த விழா தொடங்கிவிடுகிறது, ஐப்பசியில், தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால்தான் தீமிதி. நடுவில் ஏறக்குறைய மூன்று மாதம், அந்தக் கோயிலுக்குள் பாரதக் கதை கட்டம் கட்டமாக நடந்துகொண்டிருக்கிறது. திரௌபதிக்கும் அர்ச்சுனனுக்கும் திருக்கல்யாணம், அர்ச்சுனன் தபசு, அரவான் களபலி, சக்கரவர்த்தி கோட்டை, படுகளம். இதெல்லாம் முடிந்த பிறகுதான் நீங்கள் பார்க்கிற நெருப்பு. கோயில் மாரியம்மனுடையது, ஆனால் இந்த மூன்று மாதமும் வீட்டுக்காரி திரௌபதிதான். மாரியம்மனுக்காகத் தீ மிதிக்கிறார்கள் என்று எத்தனை பேர் அடித்துச் சொல்கிறார்கள் தெரியுமா? என் மாமனார் உட்பட!

அரவானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். அர்ச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்தவன். போருக்கு முன்னால் காளிக்குக் களபலி கொடுக்க முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்திய ஒருவன் வேண்டும் என்றபோது, சரி என்று தலையைக் கொடுத்தவன். கூவாகத்தில் சித்திரை மாதம் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்வதும் மறுநாள் அறுப்பதும் இவனுக்காகத்தான், அது உங்களில் நிறைய பேருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவன் கேட்ட இன்னொரு வரத்தை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. "நான் செத்த பிறகும் இந்தப் போரை முழுசாகப் பார்க்க வேண்டும்." அதனால்தான் அவனுக்குக் கோயில்களில் உடம்பு இல்லை, வெறும் தலைதான். நம்ம கோயிலிலும் அந்தத் தலை இருக்கிறது. மீசை முறுக்கி, கண்ணை இமைக்காமல் உருட்டி வைத்திருக்கும். சின்ன வயசில் அதைக் கண்டாலே அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொள்வேன், இப்போது அந்தக் கண்ணைப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. தலை போன பிறகும் பதினெட்டு நாள் போரை ஒன்றுவிடாமல் பார்க்கக் கேட்டவன் அவன். நாம் இருபது வினாடி.

படுகளம் இன்னொரு ஆச்சரியம். என் அப்பாவின் ஊர் கடலூர்ப் பக்கம், அந்த வட்டாரத்திலும் செஞ்சிப் பக்கத்திலும் ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயில் உண்டு. அங்கே படுகளத்தன்று துரியோதனனை மண்ணால் செய்து தரையில் மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். பஸ் நீளத்துக்குக் கிடப்பான், கையில் கதாயுதம், பெரிய மீசை. தொடையில் புதைத்து வைத்திருக்கும் சிவப்பை எடுத்து அம்மன் கூந்தலில் தடவி, சபையில் அவிழ்ந்த அந்த முடியை அப்போதுதான் முடிவார்கள். அப்பா சொல்லும்போது என்னைக் கவர்ந்தது அதைவிட அடுத்த காட்சிதான். செத்தவன் கெட்டவன் என்று ஊருக்கே தெரியும், இருந்தாலும் அவனுக்கும் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்களாம். எதிரிக்கு அழுதுவிட்டு அப்புறம் நெருப்புக்குப் போகிற விழாவை வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

போர் முடிந்ததும் தன் கற்பை நிரூபிக்க திரௌபதி தீ மிதித்தாள் என்பது ஒரு கதை. ஒவ்வொரு கணவனோடும் ஒரு வருடம் வாழ்ந்து, அடுத்தவரிடம் போகும்முன் தீயில் இறங்கி எழுவாள் என்பது இன்னொரு கதை. எனக்கு ஏனோ இரண்டாவதுதான் பிடிக்கும். யாருக்கும் எதையும் நிரூபிக்காமல் தன் பாட்டுக்குக் குளித்து எழுவது மாதிரி இருக்கிறது.

சரி, கோயில். இதை 1827இல் எழுப்பியவர் நாராயண பிள்ளை, 1819இல் வெள்ளைக்கார அதிகாரி ராஃபிள்ஸின் கப்பலில் பினாங்கிலிருந்து வந்தவர். அப்போது மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையும்தான். தீமிதி 1840இலிருந்து நடக்கிறது. கோயில் 1973இல் தேசிய நினைவுச்சின்னமானது. பகோடா ஸ்திரீட்டில் அந்தப் பெயருக்கேற்ற சீனப் பகோடாவைத் தேடாதீர்கள், பகோடா என்று அன்றைக்கு வெள்ளைக்காரன் சொன்னது நம்ம கோபுரத்தைத்தான்.

அந்த ராத்திரிக்கே வருகிறேன். ஊர்வலம் கிளம்புவது இங்கிருந்து இல்லை, சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து. அம்மன் விழாவுக்குப் பெருமாள் கோயிலில் ஏன் கிளம்ப வேண்டும் என்று சின்னதில் அம்மாவிடம் கேட்டேன். "அண்ணன் வீட்டிலிருந்துதானே தங்கச்சி கிளம்பணும்" என்றார். கிருஷ்ணன் திரௌபதிக்கு அண்ணன் முறை. பூக்குழி ஓரத்தில் நின்று கேளுங்கள், "கோவிந்தா, கோவிந்தா" என்றுதான் சத்தம் எழும். சபையில் சேலையை உருவியபோது அவள் கூப்பிட்ட பெயர் அதுதானே.

கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர், வெறுங்கால். மஞ்சள் வேட்டி, கையில் காப்பு, வேப்பிலை. முதலில் தலையில் கரகத்தோடு தலைமைப் பண்டாரம், அதாவது பூசாரி, இறங்குவார், அவருக்குப் பின்னால்தான் ஆயிரக்கணக்கில் மற்றவர்கள். கடந்ததும் பால்குழியில் கால் வைப்பார்கள். நீங்கள் படம் எடுப்பது இந்தச் சில எட்டுகளைத்தான். எட்டிப் பார்க்க வேண்டியது அதற்கு முன்னால் இருக்கிறது. வரிசையில் என் முன்னால் நின்ற ஒரு பெரியவர், அறுபது தாண்டியிருக்கும், நான் நீட்டிய போத்தலை வாங்கிக் குடிக்கவில்லை. மூடியைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, வாடியிருந்த தன் வேப்பிலைக் கொத்துக்குத் தெளித்துவிட்டு, போத்தலைப் பக்கத்தில் நின்ற பையனிடம் கொடுத்தார். அந்தப் பையன் கால் உதறிக்கொண்டே இருந்தது, கணுக்காலில் கருப்பாகத் தார் ஒட்டியிருந்தது. கரி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், மேலே சாம்பல் இருக்கிறது, கால் படுவதும் ஒரு கணம் என்று விஞ்ஞானம் சொல்கிறது, சரிதான், நானும் படித்தேன். அந்தப் பையனின் கால் ஏன் உதறியது, பிறகு ஏன் நின்றது என்பதை அது சொல்லவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம்ம கோயிலில் பூக்குழியில் இறங்குவது ஆண்கள் மட்டும். தமிழ்நாட்டில் பல ஊர்களில் பெண்களும் இறங்குகிறார்கள். "தீ மிதிச்சது திரௌபதிதானே மாமா, அப்ப நாங்க ஏன் இறங்கக் கூடாது?" என்று என் அக்கா மகள் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை, இன்றைக்கும் இல்லை. பெண்கள் செய்வது கும்பிடுதண்டம். ஒரு அடி வைத்து, விழுந்து கும்பிட்டு, எழுந்து அடுத்த அடி, கோயிலைச் சுற்றி இப்படியே. என் அம்மா பதினோரு வருடம் செய்தார். ஈரத்தரையில் விழுந்து எழுந்து வீட்டுக்கு வரும்போது உள்ளங்கை இரண்டும் ஊறிச் சுருங்கி, முட்டி தோல் உரிந்து இருக்கும், அப்படியே அடுப்படிக்குப் போய் எங்களுக்குக் கோப்பி கலக்குவார். அதை யாரும் படம் எடுத்து நான் பார்த்ததில்லை. எடுத்தாலும் அம்மா விட்டிருக்க மாட்டார் என்பது வேறு.

மூன்று மாதமும் வாருங்கள் என்று கேட்கவில்லை. ஷிப்டு இருக்கிறது, பிள்ளைக்குத் துணைப்பாடம் இருக்கிறது, எனக்கும்தான். இந்த வருடம் ஒரே ஒரு நாள் கூடுதலாக வாருங்கள். படுகளம், இல்லையென்றால் அரவான் களபலி. தீமிதிக்கு அப்புறம் தர்மருக்குப் பட்டாபிஷேகம் என்று ஒன்று இருக்கிறது, அன்றைக்குக் கூட்டமே இருக்காது, நிம்மதியாக உட்கார்ந்து பார்க்கலாம். பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். "இது யாரு?" என்று அவர்கள் கேட்கும்போது பதில் தெரியவில்லையென்றால் பக்கத்தில் இருக்கும் பாட்டியைக் காட்டிவிடுங்கள், அவர் விடிய விடியச் சொல்வார்.

தீமிதி ராத்திரியும் வாருங்கள், படமும் எடுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? வரும்போது இரண்டு தண்ணீர்ப் போத்தல் சேர்த்து வாங்கி வந்தால் புண்ணியமாகப் போகும். பதினோரு மணிக்கெல்லாம் எங்களிடம் தீர்ந்துவிடுகிறது.

அன்புடன்,
தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற அண்ணன்