காணோமே என்று கேட்டவர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘இணையத்தில் கூடுவது கூட்டம்தான், சமூகம் ஆகாது’ என்று ஞாயிறு இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். பழைய வால்வு ரேடியோ பழுதுபார்ப்போருக்கான இணையக் குழுமத்தில் ஒன்பது ஆண்டுகளாக மட்டுறுத்துநராக, அதாவது பதிவுகளைக் கவனித்து ஒழுங்குபடுத்துபவனாக இருக்கிறேன். பாதிதான் ஒப்புக்கொள்ள முடிகிறது.

கூட்டமாகத்தான் தொடங்கினோம். ‘ஆன் செய்தால் உம்ம்ம் என்று இரைகிறது, என்ன செய்ய?’ என்று கேட்டு வருவார்கள். ஃபில்டர் கண்டென்சர் காய்ந்திருக்கும், மாற்றுங்கள் என்போம். போய்விடுவார்கள். இதற்கே இருநூறு தடவையாவது பதில் எழுதியிருப்பேன். ஒருநாள் எரிச்சலில், ‘பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டு வாருங்கள்’ என்று எழுதினேன். கேட்டவர் திரும்பி வரவேயில்லை. குழுமத்தின் மூத்தவர் ஒருவர் தனிமடல் அனுப்பினார்: ‘தம்பி, அது அவங்க அப்பா வெச்சிருந்த ரேடியோவாம். முதல் வரியிலேயே எழுதியிருந்தாரே, படிக்கலையா?’

1980களில் யூஸ்நெட் என்ற பழைய கணினிவழி விவாதக் குழுக்களில் செப்டம்பர்தோறும் புதிய கல்லூரி மாணவர்கள் வந்து குவிவார்களாம். பழையவர்கள் பொறுமையாகப் பழக்கிவிடுவார்கள். 1993க்குப் பிறகு வரத்து நிற்கவேயில்லை. பழக்க ஆளுக்கும் பொறுமைக்கும் பஞ்சம். ‘முடிவில்லாச் செப்டம்பர்’ என்றே அதற்குப் பெயர். எங்களுக்கும் அதே கதைதான்.

அந்த மூத்தவர் தினமும் இரவு பத்து மணிக்கு, சிற்றலையில் அன்று எந்தெந்த நிலையம் கேட்டது என்று பதிவிடுவார். உண்மையைச் சொன்னால், நான் படித்ததில்லை. ஒருமுறை நான்கு இரவுகள் பதிவு வரவில்லை. மூன்று வருடமாக வாயே திறக்காத ஓர் உறுப்பினர், ‘ஐயாவைக் காணோமே?’ என்று எழுதினார். 1985இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘வெல்’ (WELL) என்ற இணையக் குழுமத்தில் உண்மைப் பெயரை மறைக்க முடியாது. எங்களிடம் அந்த விதி கிடையாது. அதனால் ஐயாவின் தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடிக்க நள்ளிரவாகிவிட்டது. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, துணைக்கு ஆளில்லாமல் மருத்துவமனையில் கிடந்தார்.

மறுநாள் பக்கத்து ஊர் உறுப்பினர் போய் நின்றார். அதன்பின் ஆள் மாற்றி ஆள் போனோம். அவர் வீட்டு மேசையில் பிரித்துப்போட்டபடி கிடந்த செட்டை ஒருவர் எடுத்துப்போய், ஈஎல்84 வால்வை மாற்றி, கட்டிலருகே கொண்டுவந்து வைத்தார். அன்றிரவு பத்து மணிப் பதிவு அவர் சொல்லச் சொல்ல என் கையால் போனது.

‘உம்ம்ம்’ கேள்வி நேற்றும் வந்தது. யாருடைய ரேடியோ என்றுதான் முதலில் கேட்டேன்.

இப்படிக்கு,
ஒரு மட்டுறுத்துநர்