அந்த லேப்டாப்பைக் கொடுத்துவிடாதே

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, கண்ணாடி மட்டும் மாற்ற வேண்டும். நீயும் வீட்டில் மற்றவர்களும் சுகம்தானே? சின்னவன் வளர்ந்துவிட்டான் என்று போட்டோவைப் பார்த்தாலே தெரிகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் தங்கை போனில் சொன்னாள். பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டுப் புதிது வாங்கப் போகிறாயாமே? ஏன் என்று கேட்டேன். விண்டோஸ் 11-க்கு இந்த மெஷின் தகுதியானதல்ல என்று திரையில் வந்துவிட்டதாம், அதனால் அதன் ஆயுள் முடிந்ததாம். எனக்குப் பொறுக்கவில்லை. போனில் பேசினால் பாதியிலேயே 'சரி சரி, பார்க்கலாம்' என்று வைத்துவிடுவாய், இத்தனை வருடப் பழக்கத்தில் அது எனக்குத் தெரியாதா? அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் இலவசமாகக் கொடுத்துவந்த பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனது. அன்றைக்கு உன் மெஷினுக்குள் எதுவும் கெடவில்லை. பிராசசர் அதேதான், கீபோர்டு அதேதான். ஆனால் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்று நீ சமாதானம் சொல்வாய். ஆபரேட்டிங் சிஸ்டத்திலேயே ஓட்டை இருக்கும்போது அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஆன்டிவைரஸால் ஓரளவுக்குத்தான் காப்பாற்ற முடியும். எனவே அப்படியே விட்டுவிடு என்று நான் சொல்லவே மாட்டேன். வீட்டுக் கணினிகளுக்கு நீட்டிப்பு ஒன்று இருக்கிறது, பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் வரும். யோசித்து முடிவெடுக்கக் கிடைத்த அவகாசம் என்று அதை வைத்துக்கொள்.

உன் மெஷின் ஏன் தேறவில்லை என்பதைத்தான் நீ கவனிக்க வேண்டும். விண்டோஸ் 11 கேட்பதில் முக்கியமானவை இரண்டு: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், அப்புறம் மைக்ரோசாப்டின் ஒப்புதல் பட்டியலில் உள்ள பிராசசர். டிபிஎம் நல்ல ஏற்பாடுதான். டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டிவைக்கும் சாவியை அது தனக்குள் வைத்துக்கொள்ளும், லேப்டாப் திருடுபோனால் டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டியும் படிக்க முடியாது. உன் காலத்து மெஷின் பலவற்றில் அது ஏற்கனவே உள்ளேயே இருக்கிறது, பயாஸில், அதாவது பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடும் அடிப்படை நிரலில், அணைந்து கிடக்கும், அவ்வளவுதான். உன்னுடையதை மறித்தது பிராசசர். இன்டெலில் எட்டாம் தலைமுறை முதல்தான் பொதுவாக அனுமதி. உன்னுடையது ஏழு.

இப்போது கேள். 2017-இல் லேப்டாப்புகளுக்கென்று முதலில் வந்த எட்டாம் தலைமுறைப் பிராசசர்களை உள்ளே பார்த்தால் ஏழாம் தலைமுறையின் அதே வடிவமைப்புதான். கேபி லேக் என்ற பெயரையே 'கேபி லேக் ரிஃப்ரெஷ்' என்று வைத்துக்கொண்டு, இரண்டு கோர் இருந்த இடத்தில் நான்கு வைத்தார்கள். அந்தப் பக்கம் உள்ளதற்கு அனுமதி, இந்தப் பக்கம் உள்ளதற்குக் கதவடைப்பு. இன்னும் ஒன்று. ஏழாம் தலைமுறையில் கோர் ஐ7-7820எச்க்யூ என்று ஒரு பிராசசர். 2021-இல் அதற்கும் விலக்குக் கொடுத்துப் பட்டியலில் சேர்த்தார்கள். மைக்ரோசாப்டின் சொந்தத் தயாரிப்பான சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-க்குள் இருந்தது அந்தப் பிராசசர்தான். இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. கோடு போடுவது தப்பில்லை, எங்காவது ஓரிடத்தில் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் தன் வீட்டுப் பிள்ளைக்காகக் கோட்டை நகர்த்த முடியும் என்றால், அந்தக் கோடு முழுக்க முழுக்க இயந்திரத்தின் குறைபாட்டால் போடப்பட்டது என்று எப்படி நம்புவது?

நம் லேப் அண்ணன் 'ஆதரவு முடிந்தது' என்ற அறிவிப்பு வந்ததும் தன் மெஷினை அலமாரியில் போட்டுவிட்டார். அதை நான் கேட்டு வாங்கிவந்தேன். பின்பக்க மூடியைக் கழற்றினால், ஃபேனுக்கும் செம்புக் குழாயின் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துணி மாதிரி படிந்து அடைத்திருந்தது. நகத்தால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வந்தது. பிராசசரின் சூட்டைக் கடத்த அதன் மேல் தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்து உதிர்ந்தது. துடைத்துப் புதிதாகத் தடவினேன். ஒற்றை ராம் இருந்தது, பக்கத்து ஸ்லாட் காலி, அதில் இன்னொன்று மாட்டினேன். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டேன். பிறகு பென்டிரைவிலிருந்து லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச ஆபரேட்டிங் சிஸ்டம். முதலில் இன்ஸ்டால் செய்யாமலேயே ஓட்டிப் பார்த்தேன். வைஃபை, சத்தம், கேமரா, மூடியை மூடினால் தூங்கி, திறந்தால் எழுகிறதா, எல்லாம் பார்த்த பிறகுதான் இன்ஸ்டால்.

அண்ணன் வந்து பட்டனை அழுத்தினார். திரை வந்துவிட்டது, ஆனால் ஃபேன் சத்தம் கேட்கவில்லை. ஓடவே இல்லையோ என்று காதைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக் கேட்டார். 'இது மெதுவாகிவிட்டது, மெதுவாகிவிட்டது என்று நான் திட்டிக்கொண்டிருந்தேனே' என்று அவர் சொன்னபோது, நான் பதில் பேசவில்லை. இப்போது அதில்தான் வேலை செய்கிறார்.

நீ சொல்வாய், எந்த நிறுவனமும் சாகும் வரை ஆதரவு தர முடியுமா என்று. முடியாது, ஒப்புக்கொள்கிறேன். லினக்ஸே தராது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை எழுதத் தொடங்கியது இன்டெலின் 386 என்ற பிராசசரில்தான். அதே 386-ஐ 2013-இல் வெளிவந்த 3.8 பதிப்பில் கைவிட்டார்கள். 1985-இல் வந்த பிராசசர், பராமரிக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை, நியாயம்தான். ஆனால் அங்கே மூலநிரல் எல்லார் கையிலும் இருக்கிறது. 386 வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர் பழைய பதிப்பை எடுத்துத் தானே ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். கைவிடுவதிலும் ஒரு மரியாதை இருக்கிறது. கைவிட்ட பிறகும் பூட்டைத் திறக்காமல் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கணினியில் நமக்கு இந்தச் சுதந்திரம் மிச்சமிருப்பதே ஒரு தற்செயல் என்று சமீபத்தில் எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. 1981-இல் ஐபிஎம் தன் பிசியைக் கொண்டுவந்தபோது, அவசரத்தில் பெரும்பாலும் கடையில் கிடைக்கும் பாகங்களை வைத்துக் கட்டியது. பயாஸ் மட்டும்தான் அதன் சொந்தச் சொத்து. காம்பாக் என்ற போட்டி நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? ஒரு குழு ஐபிஎம் பயாஸைப் படித்து, அது என்னென்ன செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தது. ஐபிஎம் நிரலைக் கண்ணாலும் பார்த்திராத இன்னொரு குழு அதை வைத்துப் புதிதாக எழுதியது. அந்த 1982-ஆம் வருட வேலையிலிருந்துதான், யார் வேண்டுமானாலும் பிசி செய்யலாம், எதை வேண்டுமானாலும் அதில் போடலாம் என்ற நிலை வளர்ந்தது. இன்றைக்கும் ஒரு பென்டிரைவைச் செருகினால் ஏறக்குறைய எந்த நிறுவனத்து லேப்டாப்பும் தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று ஒரே மாதிரியான முறையில் சொல்லும். அதனால்தான் ஒரே மின்ட் அண்ணன் மெஷினிலும் ஓடுகிறது, உன்னுடையதிலும் ஓடும்.

போனில் இது கிடையாது. ஒவ்வொரு போனுக்கும் உள்ளே என்ன எங்கே இருக்கிறது என்று தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். மோடம், கேமரா, கிராபிக்ஸ் எல்லாவற்றின் டிரைவரும் தயாரிப்பாளர் கையில். அதற்கு மேல் பல போன்களில், ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றிவிடும் பூட்லோடர் நிரலையும் பூட்டிவைத்திருக்கிறார்கள். அப்டேட் நின்ற போன், பேட்டரியும் திரையும் ஜோராக இருந்தாலும், உனக்கு ஒரு கண்ணாடிப் பலகைதான். உன் மேசை இழுப்பறையில் எத்தனை கிடக்கின்றன என்று ஒரு தடவை திறந்து பார். லேப்டாப்பும் அந்த வழியில் போய்விடுமோ என்பதுதான் என் பயம். ராமை மாற்ற முடியாதபடி மதர்போர்டிலேயே பற்றவைக்கத் தொடங்கி வெகுநாளாயிற்று.

இது நீயும் நானும் ஸ்க்ரூ டிரைவர் வைத்துக்கொண்டு தீர்க்கிற விஷயம் இல்லை, சட்டம் வர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் கொஞ்சம் செய்திருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் போன், டேப்லெட் மாடல்களுக்கு, விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்து வருடம் ஆபரேட்டிங் சிஸ்டம் அப்டேட் கிடைக்க வேண்டும். 2027 பிப்ரவரி முதல் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். நல்ல தொடக்கம். ஆனால் அந்த அப்டேட் விதி லேப்டாப்புக்கு இல்லை.

என்னைக் கேட்டால் இரண்டு விஷயம் சட்டத்தில் இருக்க வேண்டும். பாதுகாப்பு அப்டேட்டையும் புது வசதிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது. ஓட்டையை அடைத்துக்கொள்ள மட்டும் விரும்புகிறவன், அதற்காகப் புதுத் தோற்றத்தையும் புதுக் கணக்கையும் புது மெஷினையும் சேர்த்து வாங்கும்படி ஆகக் கூடாது. அப்புறம், ஆதரவை நிறுத்துகிற நாளில் பூட்லோடரைத் திறந்துவிட வேண்டும், ஹார்டுவேரின் விவரக்குறிப்பை வெளியிட வேண்டும். நாங்கள் பார்த்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறது. யாருமே பார்த்துக்கொள்ளக் கூடாது என்று சொல்ல உரிமை எங்கிருந்து வந்தது? 2022-இல் மட்டும் உலகம் கொட்டிய மின்கழிவு 6.2 கோடி டன், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம் என்று ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை சொல்கிறது. ஒரு லேப்டாப் தன் வாழ்நாளில் உண்டாக்கும் கார்பனில் பெரும்பகுதி, நீ அதை முதன்முதலாக ஆன் செய்வதற்கு முன்பே, தயாரிப்பிலேயே வெளியேறிவிடுகிறது. ஓடுகிற மெஷினை ஓடவிடுவதை விடப் பெரிய மறுசுழற்சி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இனி உன் விஷயம். உன் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்றால் முழுக்க மாறச் சொல்லி உன்னைச் சிக்கலில் மாட்டிவிட மாட்டேன். அதை முதலில் விசாரி, பல இப்போது பிரவுசரிலேயே ஓடுகின்றன. டிஜிட்டல் கையெழுத்துக்கான டோக்கன் வைத்திருக்கிறாயே, அதற்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்றும் பார். பிரிண்டரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, அன்றைக்கு நடந்தது நம் மூவருக்கும் போதும். கடிதம், அட்டவணை வேலையெல்லாம் லிப்ரே ஆபீஸில் தாராளமாக நடக்கும், சிக்கலான மேக்ரோ இருக்கும் கோப்புகளை மட்டும் முன்கூட்டியே திறந்து பார்த்துவிடு. சின்னவன் விளையாடும் சில ஆன்லைன் விளையாட்டுகள் லினக்ஸில் ஓடாது, ஏமாற்றுவதைத் தடுக்க அவை விண்டோஸின் அடிமட்டத்தில் ஒரு நிரலை உட்கார வைக்கின்றன. அவன் முகம் சுருங்கும் என்று தெரியும். உண்மையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

புதிது வாங்கியே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், ராம் ஸ்லாட் இருக்கிறதா, எஸ்எஸ்டியை மாற்ற முடியுமா, பேட்டரி ஒட்டியிருக்கிறதா ஸ்க்ரூவில் நிற்கிறதா என்று பார்த்து வாங்கு. திரையின் அழகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மெமரி விஷயத்தில் நேரமும் சரியில்லை. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் அதை அள்ளிக்கொண்டு போகின்றன. மைக்ரான் நிறுவனம் நம்மைப் போன்றவர்கள் வாங்கிவந்த க்ரூஷியல் ராம் வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. கையில் இருக்கும் ராமின் அருமை இப்போதுதான் தெரிகிறது.

அதனால் நீ செய்ய வேண்டியது இதுதான். எதையும் தொடுவதற்கு முன் கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடு, எடுத்த நகல் திறக்கிறதா என்று வேறு மெஷினில் பார். டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டிவைக்கும் குறியாக்கம் ஓடிக்கொண்டிருந்தால் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிவை, நகர்த்துகிற வேலையில் அது இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பு. மாடலைப் பார்த்து எந்த ராம் பொருந்தும், எஸ்எஸ்டி எந்த வகை என்று எழுதுகிறேன். பென்டிரைவை நானே தயார் செய்து அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன், அவர் அடுத்த மாதம் உன் பக்கம் வருகிறார்.

சின்னவன் கிராபிக்ஸ் கார்டு பற்றிக் கேட்டிருந்தான், அதற்கு அவனுக்கே தனியாக எழுதுகிறேன். எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லியிருந்தால் இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
உன் நண்பன்