செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோ நகரில், ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் லத்தீன் அமெரிக்க வழிவந்த) மக்களாகிய நாம் மிகுதியாக வாழும் மேற்குப் பகுதியில் இயங்கிவரும் நமது கல்லீரல் நோயாளர் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுப் பணிகளைச் சமர்ப்பிக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. புதிய நாற்காலிகள் வாங்கும் தீர்மானம் வழக்கம்போல் தள்ளிப்போனது.

இவ்வாண்டு சங்கத்தின் போக்கையே மாற்றியவர் நம் துணைத் தலைவர். பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்த்தவர். "கொஞ்சம் கொழுப்புதான், எடையைக் குறையுங்கள்" என்று பல ஆண்டுகள் திருப்பி அனுப்பப்பட்டு, வயிற்றில் நீர் கோத்த பிறகே தமக்குச் சிரோசிஸ் (கல்லீரல் முழுதும் தழும்பேறிச் சுருங்கும் நிலை) என்று அறிந்தவர். மதுவைத் தொடாதவர், ஆனாலும் குடித்துக் கெட்டவள் என்ற பேச்சை உறவினர் வாயிலிருந்தே கேட்டவர். இன்று மாற்றுக் கல்லீரலுடன் நம்மிடையே இருக்கிறார்.

பொறுப்பேற்றதும் அவர் முதலில் கைவைத்தது நமது துண்டறிக்கைகளில்தான். ஆலய மண்டபத்தில் மேசை போட்டுக் கொடுத்தால் மரியாதைக்கு வாங்கிக்கொள்வார்கள், யாரும் படிப்பதில்லை என்றார். "ஒவ்வொரு வீட்டிலும் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள் கிடக்கிறது. அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள், அதிலுள்ள எண்களை வைத்துக் கணக்குப் போடக் கற்றுத்தருகிறேன்." கணக்கு வகுப்புக்கு யார் வருவார்கள் என்று செயற்குழுவில் முணுமுணுப்பு எழுந்தது. வந்தார்கள், உட்கார இடமில்லை.

அவர் கற்றுத்தருவது கல்லீரல் தழும்பைக் கணிக்கும் ஃபிப்-4 என்னும் கணக்கு. அதற்கு வேண்டிய ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்னும் கல்லீரல் நொதிகளின் அளவும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையும் அந்தத் தாளிலேயே இருக்கும். வயதையும் ஏ.எஸ்.டி. அளவையும் பெருக்கி ஓரிடத்தில் வைக்க வேண்டும். தட்டணு எண்ணிக்கையை ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி, முன்னதை இதனால் வகுக்க வேண்டும். விடை 1.3க்குக் குறைவானால் கல்லீரலில் கடும் தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 65 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த வரம்பு 2. விடை 2.67ஐத் தாண்டினால் கல்லீரல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். இடையில் உள்ளவர்களுக்கு கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் போன்ற சோதனை. பலகையில் அவர் போடும் உதாரணம் இது: வயது 52, ஏ.எஸ்.டி. 48, ஏ.எல்.டி. 36, தட்டணு 1,40,000 (கணக்கில் 140). இவற்றில் எந்த எண்ணும் தனியாகப் பார்த்தால் யாரையும் பதறவைக்காது. விடையோ 2.97. நாம் நோயைக் கண்டறிவதில்லை. விடையைத் தாளின் மூலையில் எழுதி மருத்துவரிடம் அனுப்புகிறோம், அவ்வளவே.

மரபணு பற்றிய கூட்டம் எதிர்பாராத திசையில் போனது. டல்லஸ் இதய ஆய்வின்படி கல்லீரல் கொழுப்பு ஹிஸ்பானிக் மக்களில் 45 விழுக்காட்டினருக்கும், வெள்ளையரில் 33, கறுப்பினத்தவரில் 24 விழுக்காட்டினருக்கும் இருந்தது. அதே ஆய்விலிருந்து 2008இல் பி.என்.பி.எல்.ஏ.3 மரபணுவின் ஒரு மாறுபாடு இதற்குக் காரணங்களில் ஒன்றென்று தெரிந்தது. அது ஹிஸ்பானிக் மக்களிடமே மிகுதி. இதைக் கேட்டுப் பலர் கண் கலங்கினார்கள். சோம்பேறி, பெருந்தீனிக்காரர் என்று ஏச்சு வாங்கியவர்கள் அவர்கள். ஆனால் ரத்தத்திலேயே எழுதியிருக்கும்போது இனி என்ன என்று இரண்டாவது பான் டுல்சேயை (மெக்சிகோ இனிப்பு ரொட்டி) எடுத்தவர்களும் உண்டு. (செயலாளரும் எடுத்தார், வேறு காரணத்துக்காக.) உடல் பருமன் கூடக்கூடத்தான் அந்த மரபணுவின் பாதிப்பு கூடுகிறது, ஆகவே எடையைக் குறைப்பதால் மற்றவர்களைவிட நமக்கே ஆதாயம் அதிகம் என்று துணைத் தலைவர் பொறுமையாக விளக்கினார். மறுமாதத்திலிருந்து கூட்டங்களில் சோடா நிறுத்தப்பட்டு, சர்க்கரையில்லாக் காப்பி வந்தது. எதிர்ப்பு இன்னும் அடங்கவில்லை.

மருந்துகள் குறித்துச் சுருக்கமாக: 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோமுக்கும், 2025 ஆகஸ்டில் செமாகுளுடைடுக்கும், கொழுப்பால் அழன்று தழும்பேறும் கல்லீரல் நோய்க்காக அமெரிக்க அனுமதி கிடைத்தது. இரண்டுமே சிரோசிஸ் நிலைக்கு முந்தையவர்களுக்கானவை. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவுபடுத்தாத டெக்சாஸில் காப்பீடு இல்லாத கூரை வேலைக்காரருக்கு இச்செய்தியை எந்த முகத்தோடு சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு மருத்துவமனையில் தாய்க்குச் சிரோசிஸ் என்பதைப் பள்ளிச் சிறுமியான மகளைக் கொண்டே ஸ்பானிஷில் சொல்லவைத்திருக்கிறார்கள். அவசர நிலை தவிர மற்ற நேரங்களில் சிறுவர்களை மொழிபெயர்ப்பாளராக்கக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. நிர்வாகத்துக்குக் கடிதம் அனுப்பியுள்ளோம், பதில் இல்லை. நேரில் செல்லும் குழுவுக்குத் துணைத் தலைவர் தலைமை ஏற்கவும், சமூகச் சுகாதார ஊழியர்களான புரோமோத்தோராக்களுக்கும் கணக்கு வகுப்பை விரிவாக்கவும் பொதுக்குழுவின் அனுமதியைக் கோரி, இவ்வறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்