இஸ்_பெய்டு வைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பேக்கெண்ட் நண்பர்களே,

லாராவெல், ரெயில்ஸ், ஜாங்கோ என எந்த வெப் ஃப்ரேம்வொர்க்கில் வேலை பார்த்தாலும் சரி, புது டேபிளுக்கு மைக்ரேஷன் (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் கோட்) எழுதுகிற எல்லோருக்கும்தான் இந்த மடல். நான் கோட் எழுதுகிறவன் இல்லை. உங்கள் டேபிள்களிலிருந்து ரிப்போர்ட் எடுத்து, கணக்குப் பிரிவுக்கும் கஸ்டமர் கேருக்கும் பதில் சொல்கிறவன். பணம் வந்துவிட்டதா என்று கேட்பார்கள். ஆமாம் என்றால், உடனே எப்போது வந்தது என்பார்கள். முதல் கேள்விக்கு, பணம் கட்டியாயிற்றா என்பதை ஆம், இல்லை என்று மட்டும் வைத்திருக்கும் உங்கள் இஸ்_பெய்டு ஃபீல்டு பதில் சொல்லும். இரண்டாவதற்கு வாயே திறக்காது.

அதனால் கேட்கிறேன்: ஒரு செயல் நடந்ததைக் குறிக்கும் இடத்தில் பூலியன் (ட்ரூ, ஃபால்ஸ் இரண்டை மட்டும் ஏற்கும் வகை) வைக்காதீர்கள். காலியாகவும் இருக்கலாம் என்று அனுமதித்து ஒரு டைம்ஸ்டாம்ப் (தேதியும் நேரமும்) வையுங்கள். பெய்ட்_அட் காலியாக இருந்தால் பணம் வரவில்லை. நிரம்பியிருந்தால் வந்துவிட்டது, வந்த நேரமும் அதிலேயே இருக்கிறது.

"அதான் அப்டேட்டட்_அட் இருக்கே" என்பீர்கள். அது கடைசியாக மாற்றிய நேரம்; அந்த ரெக்கார்டில் எதை மாற்றிச் சேமித்தாலும் நகரும். மார்ச் 28 அன்று பணம் வந்திருக்கும்; ஏப்ரல் 3 அன்று யாரோ முகவரியில் ஒரு எழுத்தைத் திருத்துவார்கள். அதை நம்பி ரிப்போர்ட் எடுத்தால் அந்தப் பணம் அடுத்த நிதியாண்டுக்குப் போய்விடும். ஆடிட்டரிடம் இதை விளக்கிப் பாருங்கள்.

ஸ்டேட்டஸ் என்று ஒரே ஃபீல்டு வைப்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். 'கேன்சல்டு' என்று மட்டும் இருந்தால், பணம் கட்டிய பிறகு ரத்தானதா, கட்டாமலேயே ரத்தானதா என்று எனக்கு எப்படித் தெரியும்? பெய்ட்_அட், கேன்சல்டு_அட் இரண்டும் இருந்தால் எது முந்தி என்று பார்த்த உடனே சொல்லிவிடலாம். ரீஃபண்டு கொடுக்க வேண்டிய பட்டியல் ஒரே க்வெரியில் வந்துவிடும்.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. 2018-இல் வந்த லாராவெல் 5.7-இலிருந்து பயனர் டேபிளில் இமெயில்_வெரிஃபைட்_அட் இருக்கிறது. அதன் சாஃப்ட் டெலீட் (வரிசையை அழிக்காமல், அழித்ததாகக் குறித்து மட்டும் வைப்பது) டெலீட்டட்_அட்-ஐ நம்பித்தான் ஓடுகிறது. ரெயில்ஸில் டிவைஸ் என்ற லாகின் லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு கன்ஃபர்ம்டு_அட், லாக்டு_அட் பழக்கமானவை. ஜாங்கோவின் பயனர் மாடல்தான் இன்னமும் இஸ்_ஆக்டிவ் வைத்திருக்கிறது. கணக்கை அழிக்காதீர்கள், அதை ஃபால்ஸ் ஆக்குங்கள் என்று அதன் ஆவணமே சொல்கிறது. சரி, எப்போது ஃபால்ஸ் ஆனது? அட்மின் திரை வழியாக மாற்றியிருந்தால் அதன் லாகில் தேடலாம். ஸ்கிரிப்ட் வழியாக மாற்றியிருந்தால் அந்த லாகிலும் இருக்காது.

எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். டார்க் மோடு வேண்டுமா வேண்டாமா என்பதற்கு பூலியன் போதும். சந்தாவைப் போல அடிக்கடி நிறுத்தித் தொடர்கிற விஷயத்தில் ஒரு டைம்ஸ்டாம்ப் கடைசி முறையை மட்டும்தான் நினைவில் வைக்கும்; அதற்குத் தனி வரலாற்று டேபிள் வேண்டும். அப்புறம், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இமெயிலையும் டெலீட்டட்_அட்-ஐயும் சேர்த்து யூனிக் (ஒரே ஜோடி இரண்டு முறை வரக்கூடாது) ஆக்கினால் ஒரே இமெயிலில் இரண்டு உயிருள்ள கணக்குகள் புகுந்துவிடும், ஏனென்றால் காலி மதிப்புகளை அது வழக்கமாக ஒன்றாகக் கருதாது. டெலீட்டட்_அட் காலியாக உள்ள வரிசைகளுக்கு மட்டும் பார்ஷியல் யூனிக் இண்டெக்ஸ் போடுங்கள்.

நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்) சேமியுங்கள், ஆனால் தேதிவாரியாகக் கூட்டும்போது நம் நேரத்துக்கு மாற்றிக் கூட்டுங்கள். சென்னையில் ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு வந்த பணம், யூடிசியில் மார்ச் 31 இரவு 8.30. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் டைம்ஸ்டாம்ப் வகை 2038 ஜனவரி 19-க்கு மேல் போகாது. நீண்ட கால வாரண்டி முடியும் தேதிக்கெல்லாம் டேட்டைம் வகையை எடுங்கள்.

கடைசியாக, பழைய பூலியனை மாற்றும்போது செய்கிற ஒரு காரியம். ட்ரூவாக இருந்த வரிசைகளுக்கெல்லாம் மைக்ரேஷன் ஓடிய நேரத்தைப் போட்டு நிரப்பிவிடுகிறீர்கள். ஒரே நொடியில் ஊரே பணம் கட்டியதாக ரிப்போர்ட் காட்டுகிறது. பேமெண்ட் கேட்வேயின் பதிவில் உண்மையான நேரம் கிடைத்தால் அதைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் 2000 ஜனவரி 1 என்பதுபோல, பார்த்ததும் பொய் என்று தெரிகிற தேதியைப் போட்டு, எங்களுக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள். அதை நாங்கள் கழித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ரிப்போர்ட் எடுக்கும் ஒருவன்