கையெழுத்து இல்லாமலும் கப்பல் போகும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, அதுவே பெரிய நிம்மதி. டாக்டர் கண்ணுக்கு ஓய்வு கொடு என்று சொல்லியும் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறாய், அதிலும் முக்கால்வாசி இறக்குமதி வரியைப் பற்றி. நீ திருந்த மாட்டாய். இதையாவது வீட்டில் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்.

நீ சொல்வது இதுதானே: இரண்டு நாடுகள் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்டால்தான் ஒழுங்காக வணிகம் நடக்கும், ஒப்பந்தத்துக்கு வராத நாட்டை வரி போட்டுத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். முதல் பாதியில் எனக்கு அரைகுறை உடன்பாடு உண்டு. இரண்டாவது பாதியில் கொஞ்சமும் இல்லை.

ஒருவர் விற்கிறார், இன்னொருவர் வாங்குகிறார், நடுவில் கப்பல்காரரும் வங்கியும் இருக்கிறார்கள். இதில் அரசாங்கத்தின் வேலை வழியில் நின்று வசூலிப்பது, அல்லது வசூலிக்காமல் விடுவது. வசூலிக்காமல் விடுவதற்கு எதிர்த்தரப்பின் கையெழுத்து எதற்கு? ஹாங்காங் எவ்வளவோ காலமாக இறக்குமதிக்குச் சுங்கவரி போடுவதில்லை, அதை யாரிடமும் பேரம் பேசிச் செய்யவில்லை. சுவிட்சர்லாந்து 2024 ஜனவரி 1 முதல் தொழில்துறைப் பொருள்களுக்கான இறக்குமதி வரியைத் தானாகவே மொத்தமாக எடுத்துவிட்டது (விவசாயப் பொருள்களை மட்டும் தொடவில்லை, எந்த அரசாங்கத்துக்குத்தான் விவசாயிகளைப் பார்த்துப் பயமில்லை). 1846இல் பிரிட்டனில் பிரதமர் ராபர்ட் பீல் தானியச் சட்டங்களை (வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்ட சட்டங்கள்) நீக்கியபோது அவர் கட்சி உடைந்தது, பதவியும் போனது, ஆனால் வெளிநாட்டுத் தானியம் உள்ளே வர எந்த நாட்டின் சம்மதமும் தேவைப்படவில்லை. அவ்வளவு ஏன், அமெரிக்காவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே முழுமையான தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் என்று ஒன்று இதுவரை வந்ததே இல்லை. ஆண்டுக்கணக்கில் பேசினார்கள், பேச்சு அப்படியே தூங்கிப்போனது. சரக்கு மட்டும் போய்க்கொண்டேதான் இருந்தது.

நீ உடனே, உலக வர்த்தக அமைப்பும் ஒரு ஒப்பந்தம்தானே, அதன் விதிகளை நம்பித்தானே அந்தச் சரக்கு போனது என்று பிடித்துக்கொள்வாய். சரி, அந்த இடத்தில் நீ ஜெயித்தாய், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வரி. அந்த நாட்டின் மீது வரி போட்டார்கள் என்று செய்தியில் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. சுங்கத்தில் பணத்தைக் கட்டுவது இறக்குமதி செய்யும் உள்நாட்டு ஆள். எதிர்த்தரப்பு விற்பனையாளர் விலையைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தால் அவருக்கும் சுமையில் ஒரு பங்கு, இல்லையென்றால் முழுதும் இங்கே இருப்பவர்கள் தலையில்தான். 2018இல் அமெரிக்கா வாஷிங் மெஷின்களுக்கு வரி போட்டதே, அதை எடுத்துக்கொள். வருடத்தில் முதல் 12 லட்சம் மெஷின்களுக்கு 20 சதவீதம், அதற்கு மேல் வருபவற்றுக்கு 50. அமெரிக்க மத்திய வங்கியிலும் சிகாகோ பல்கலைக்கழகத்திலும் உள்ள பொருளாதார அறிஞர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது வாஷிங் மெஷின் விலை சுமார் 12 சதவீதம் ஏறியிருந்தது. வேடிக்கை அதுவல்ல, துணி உலர்த்தும் டிரையரின் விலையும் ஏறக்குறைய அதே அளவு ஏறியிருந்தது. டிரையருக்கு வரியே கிடையாது! அங்கே இரண்டையும் ஜோடியாக வாங்குவார்கள், அதனால் கடைக்காரர்களும் கம்பெனிகளும் ஏற்றத்தை இரண்டிலும் பிரித்துப் போட்டுவிட்டார்கள். உள்நாட்டில் தயாரித்தவர்களும் சும்மா இருக்கவில்லை, போட்டியாளரின் விலை ஏறியதும் தங்கள் விலையையும் ஏற்றிக்கொண்டார்கள். வேலை வராமல் இல்லை, சுமார் 1,800 பேருக்கு வந்தது. ஆனால் வாங்குபவர்கள் கூடுதலாகக் கொடுத்த பணத்திலிருந்து அரசுக்குக் கிடைத்த வரியைக் கழித்துப் பார்த்தால் ஒரு வேலைக்கு வருடத்துக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் ஆகிறது. அந்தத் தொழிலாளியின் சம்பளம் அதில் எத்தனையில் ஒரு பங்கு என்று நீயே யோசித்துக்கொள்.

அப்புறம் பதிலடி. அதே 2018இல் சீனா அமெரிக்க சோயாவுக்கு 25 சதவீதம் போட்டது, வாங்குவதைப் பிரேசில் பக்கம் திருப்பியது, கடைசியில் அமெரிக்க அரசு தன் விவசாயிகளுக்கு நிவாரணம் கொடுக்க வேண்டி வந்தது. வரி போட்ட தொழில் ஒன்று, அடி விழுந்த தொழில் இன்னொன்று. அமெரிக்கா இறக்குமதி வரிகளை ஏற்றிய 1930இன் ஸ்மூட்-ஹாலி சட்டத்தைப் பற்றி நீ எழுதியிருந்தது சரிதான், 1,028 பொருளாதார அறிஞர்கள் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தும் அதிபர் ஹூவர் அதைச் சட்டமாக்கினார். ஆனால் உலக வணிகம் சுருண்டு விழுந்ததற்கு அந்தச் சட்டம் ஒன்றே காரணம் என்று சொல்லாதே. பெருமந்தம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. வரியும் பதில் வரியும் அதை மோசமாக்கின.

வரியில் எனக்கு உண்மையிலேயே பயமாக இருப்பது, அது வந்தால் போகாது என்பது. இதற்கு அமெரிக்காவில் கோழி வரி என்றே ஒன்று இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி மலிவாக வந்து குவிகிறது என்று ஐரோப்பா வரி போட்டது. பதிலுக்கு அமெரிக்கா பிராந்தி, உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், சிறிய டிரக் என்று நாலு பொருளுக்கு 25 சதவீதம் போட்டது. மற்ற மூன்றும் காலப்போக்கில் போய்விட்டன. கோழிச் சண்டையையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். டிரக் வரி மட்டும் 1964இலிருந்து அப்படியே நிற்கிறது, ஏனென்றால் அதற்குள் உள்நாட்டு டிரக் கம்பெனிகளுக்கு அது பழகிவிட்டது. சரக்கு வேனும் இந்த டிரக் கணக்கில்தான் வரும். இதைத் தாண்ட ஃபோர்டு ஒரு வேலை செய்தது பார், அதுவும் அமெரிக்கக் கம்பெனி! துருக்கியில் தயாரித்த சரக்கு வேனில் பின் சீட்டும் சீட் பெல்ட்டும் ஜன்னலும் பொருத்திப் பயணிகள் வண்டி என்று சொல்லி 2.5 சதவீதத்தில் இறக்கினார்கள். இறக்கிய கையோடு சீட்டைக் கழற்றினார்கள், ஜன்னலை எடுத்துவிட்டுத் தகரம் அடைத்தார்கள், சரக்கு வேனாக விற்றார்கள். கழற்றிப் போடுவதற்காகவே சீட்டு! வழக்கு வருடக்கணக்கில் நடந்து, 2024இல் 36.5 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள்.

இப்போது ஒப்பந்தத்துக்கு வருகிறேன். தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் என்று பெயர் வைக்கிறார்கள், எடுத்துப் பார்த்தால் ஆயிரக்கணக்கான பக்கம். தடையே இல்லையென்றால் அரைப் பக்கம் போதாதா? மீதி எல்லாம் விதிவிலக்கு, படிப்படியான கால அட்டவணை, எந்தப் பொருள் எந்த நாட்டில் தயாரானது என்று நிரூபிக்கும் விதிகள். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்த வட அமெரிக்க ஒப்பந்தத்தில் ஒரு காருக்கு வரிச்சலுகை வேண்டுமென்றால் அதன் மதிப்பில் 62.5 சதவீதம் அந்த மூன்று நாடுகளுக்குள் உருவாகியிருக்க வேண்டும் என்று இருந்தது, 2020இன் புதிய ஒப்பந்தத்தில் அதை 75 ஆக்கினார்கள். அந்தச் சான்றிதழ் வேலைக்கே தனி ஆள் வேண்டும். சின்ன ஏற்றுமதியாளர்கள் பலர், சலுகையும் வேண்டாம் தலைவலியும் வேண்டாம் என்று சாதாரண வரியைக் கட்டிவிட்டுப் போகிறார்கள்.

அப்படியானால் ஒப்பந்தமே தண்டமா என்றால், இல்லை. வரியைக் குறைக்க அது தேவையில்லை, குறைத்ததை மறுபடி ஏற்றாமல் இருக்கத்தான் தேவை. இருபது வருடம் ஓடவேண்டிய தொழிற்சாலையில் பணம் போடுகிறவருக்கு இன்றைய வரி 5 சதவீதமா 8 சதவீதமா என்பதைவிட, மூன்று வருடம் கழித்து அது 40 ஆகுமா என்பதுதான் கவலை. 1947இல் ஜெனீவாவில் 23 நாடுகள், உலக வர்த்தக அமைப்புக்கு முன்னோடியான காட் ஒப்பந்தத்தில் செய்ததில் முக்கியமான காரியமும் அதுதான்: இந்தப் பொருளுக்கு இதற்கு மேல் போக மாட்டோம் என்று உச்சவரம்பை எழுதிக் கொடுத்தார்கள், ஒருவருக்குக் கொடுத்த சலுகையை எல்லோருக்கும் கொடுப்போம் என்றார்கள்.

இன்னொரு உபயோகமும் உண்டு. ஒரு அரசு தானாக வரியைக் குறைக்கப் போனால் பாதிக்கப்படும் நாலு கம்பெனிகள் வாசலில் வந்து நிற்கும், லாபமடையப் போகும் லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் ஒருவரும் வர மாட்டார்கள். ஒப்பந்தமாகப் பேசினால் வெளிநாட்டுச் சந்தை கிடைக்கப்போகிற ஏற்றுமதியாளர்கள் ஆதரவாகக் கூட்டத்துக்கு வருகிறார்கள், பலம் சமமாகிறது.

ஆனாலும் 2018 ஜூனில் அமெரிக்கா, ஒப்பந்தக் கூட்டாளிகளான கனடாவுக்கும் மெக்சிகோவுக்குமே தேசப் பாதுகாப்பு என்று சொல்லி எஃகுக்கு 25 சதவீதம் போட்டது. விலக்கிக்கொள்ள ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. கையெழுத்தை நம்பித்தான் எல்லாம் என்று நீ சொல்கிறாயே, இதை எந்தக் கணக்கில் வைப்பாய்? எனக்குத் தெரிந்து மீறினால் ஏற்றுமதியாளர்கள் கத்துவார்கள் என்பதைத் தவிர அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் வேறு காவல் இல்லை. வேறு பதில் இருந்தால் எழுது, ஆனால் கண்கட்டு அவிழ்த்த பிறகு.

அன்புடன்,
உன் பழைய எதிர்க்கட்சி