அந்த மாத்திரைக்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

மங்களூரில் உனக்குத் திரும்பவும் காய்ச்சல், ரத்தத்தில் விவாக்ஸ் மலேரியா என்று அக்கா சொன்னாள். குளோரோகுவினை 3 நாளும் ஒழுங்காகப் போட்டுவிடு, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. கூடவே 14 நாளைக்குப் பிரைமாகுவின் எழுதித் தருவார்கள். அதில் முதல் மாத்திரையை வாயில் போடும் முன் ஜி6பிடி என்ற ரத்த என்சைம் எவ்வளவு இருக்கிறது என்று டெஸ்ட் எடுத்துவிடு. கட்டாயம்.

போன முறை குளோரோகுவின் மட்டும்தான் கொடுத்தார்கள் என்றாய். அது ரத்தத்தில் இருக்கும் கிருமியைத்தான் கொல்லும். விவாக்ஸ் கிருமியில் கொஞ்சம் கல்லீரலில் போய் ஒடுங்கிக்கொள்ளும், வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு மறுபடி ரத்தத்துக்கு வரும். சைட்டில் புதுக் கொசு கடித்தும் வந்திருக்கலாம்தான், ஆனாலும் கல்லீரலில் இருப்பதைத் துடைத்தாக வேண்டும், அதற்குத்தான் பிரைமாகுவின். லேபில் வேலை பார்த்த வருடங்களில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். ஸ்லைடு சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த அதே ஆள், கொஞ்ச நாளில் நடுங்கிக்கொண்டு வந்து நிற்பார். மறுபடி பார்த்தால் சிவப்பணு ஊதிப்போய், உள்ளே பொடிப்பொடியாய்ப் புள்ளிகளோடு இருக்கும்.

அதனால் பிரைமாகுவினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உன் பெரிய மாமாவுக்கு நடந்தது உனக்கு நடக்கக் கூடாது, அவ்வளவுதான். ராயபுரத்தில் இருந்தபோது அவருக்கு மலேரியா வந்து இதே மாத்திரையைப் போட்டார். இரண்டு மூன்று நாளில் மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது, கண் மஞ்சளாகி, மாடிப்படி நாலு ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. பாட்டி காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி தேடிப் போனாள். ஆஸ்பத்திரியில் மாத்திரையை நிறுத்தி ரத்தம் ஏற்றினார்கள், அப்புறம்தான் பிழைத்தார்.

சிவப்பணுவைக் காப்பாற்றும் அந்த ஜி6பிடி என்சைம் அவருக்குப் பிறவியிலேயே குறைவு, அதனால் மாத்திரை சிவப்பணுக்களை உடைத்துவிட்டது. சிலருக்கு இந்த மாத்திரை ஏன் ஆகவில்லை என்பதற்கு 1956-ல்தான் சிகாகோ ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள், அதுவும் சிறைக் கைதிகளுக்குக் கொடுத்துப் பார்த்து. அந்தக் கைதிகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனது கனக்கிறது. உலகத்தில் சுமார் 40 கோடிப் பேருக்கு இந்தக் குறை இருக்கிறது, பாதிப்பேருக்கு மேல் தெரியாமலே வாழ்ந்துவிட்டுப் போவார்கள். இது எக்ஸ் குரோமோசோமில் வருவது. பாட்டியிடமிருந்து மாமாவுக்கு வந்தது எனக்கும் வந்திருக்கலாம். வந்திருந்தால் உனக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நீ பிறந்த வாரம் காமாலைக்காக நீல விளக்கடியில் கிடந்தாய். அதற்கு வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் எனக்கு அந்த எண்ணம் போகவே இல்லை.

டெஸ்டில் குறை என்று வந்தால் பயப்படாதே, அதற்கும் வழி இருக்கிறது. தினமும் போடாமல் வாரம் ஒரு முறை, கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் கணக்கில் 8 வாரம், டாக்டர் கண்காணிப்பில் கொடுப்பார்கள். நடுவில் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். குறை லேசா கடுமையா என்று பார்த்து டாக்டர்தான் முடிவு செய்யணும். ஒரே வேளையில் முடிகிற டஃபினோகுவின் என்று ஒன்று வந்திருக்கிறது, யாராவது அதைச் சொன்னால் என்சைம் அளவு 70 சதவீதத்துக்கு மேல் இருப்பது உறுதியாகாமல் தொடவே தொடாதே. பிரைமாகுவினை நிறுத்தினால் ஒரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும், டஃபினோகுவின் வாரக்கணக்கில் தங்கும், திரும்ப எடுக்க முடியாது.

எந்த மாத்திரையானாலும் மூத்திர நிறத்தைத் தினம் பார். கறுத்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ, வேலை முடியட்டும் என்று இருக்காதே. அந்தச் சமயத்தில் டெஸ்ட் எடுத்தால் சரியாக இருப்பதுபோலக் காட்டவும் கூடும், பழைய அணுக்கள் உடைந்து புது அணுக்கள்தான் மிச்சம் இருக்கும் என்பதால். அதனால்தான் முன்னாலேயே எடு என்கிறேன்.

அக்காவையும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். பெண்களுக்கு இந்தக் குறை அரைகுறையாக இருக்கலாம், அது உண்டு இல்லை என்று மட்டும் சொல்லும் டெஸ்டில் தப்பிவிடும், அளவு சொல்லும் டெஸ்டாகப் பார்க்கணும். தெரியும்வரை அவள் குழந்தையின் துணிகளுக்குள் அந்துருண்டை வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன், அதுவும் இந்தக் குறை உள்ளவர்களுக்கு ஆகாது.

நாளைக்குக் காலையிலேயே லேபுக்குப் போ. ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, அது வரை அந்தப் பிரைமாகுவின் அட்டையைப் பிரிக்காதே.

அம்மா